முதுகுக்குக் கீழே காற்று

டென்ட்டை விட்டுவிட்டு ஹேமாக்குக்கு மாறலாம் என்றிருக்கிறேன், எதை வாங்குவது என்று கேட்டு வருபவர்களிடம் நான் கம்பெனி பெயர் எதையும் சொல்வதில்லை. நீங்கள் போகிற இடத்தில் மரம் இருக்குமா என்றுதான் முதலில் கேட்பேன். சிரிப்பார்கள். மலைக்குப் போகிறோம், மரம் இல்லாமலா? கொழுக்குமலைக்கு விடியல் பார்க்கப் போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: தேயிலை முடிந்தால் அப்புறம் புல்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகளில் சோலைக்காடு பள்ளங்களில் ஒதுங்கிக்கொள்ளும், முகடெல்லாம் புல்வெளி. இமயமலை ட்ரெக்கிங்கில் மரங்களே முடிந்துபோன உயரத்தில் முகாம் போடுவது சகஜம். அங்கெல்லாம் ஹேமாக் என்பது முதுகில் சுமந்து போன வெறும் துணி. உங்கள் பயணங்களில் பாதிக்கு மேல் அந்த மாதிரி இடங்கள்தான் என்றால் டென்ட்டோடு இருங்கள். டீயை மட்டும் குடித்துவிட்டுப் போகலாம்.

மற்றவர்கள் உட்காருங்கள். ஏற்காடு, கொல்லிமலை, கீழ்ப்பழனி மலைச்சரிவு என்று காப்பித் தோட்டங்களிலும் தோப்புகளிலும் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டு இரவு தங்குகிறவர்களுக்கு ஹேமாக் கொடுக்கிற சுகமே வேறு. சரிவான நிலம், கல், வேர், நேற்றைய மழையின் சகதி எதுவும் நம் பிரச்சினை இல்லை. டென்ட்டுக்கு ஆறடிச் சமதரை தேடி அரை மணி நேரம் அலைகிற வேலை கிடையாது. இரண்டு மரம் போதும், நடுவில் பாறையே இருந்தாலும் சரி. அட்டை ஊர்கிற மாதங்களில் தரையை விட்டு ஒன்றரை அடி மேலே படுப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது வால்பாறைப் பக்கம் மழைக்காலத்தில் நடந்தவர்களுக்குத்தான் புரியும். ஷூவைக் கீழே விட்டால் அதற்குள் குடியேறிவிடும். அதையும் கயிற்றில் மாட்டிவிட வேண்டும்.

சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டு என்றேனே, அதைச் சும்மா சொல்லவில்லை. காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தின் 40 தடங்களும் வழிகாட்டியோடு போகிற நடைகள். நம் இஷ்டத்துக்கு மரம் தேடிக் கட்டிப் படுக்க அவற்றில் இடமில்லை. அப்புறம் யானை. 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடி அருகே ஒரு தனியார் விடுதியின் டென்ட்டில் தங்கியிருந்த பெண் யானை தாக்கி இறந்துபோனார். யானை நடமாட்டம் உள்ள இடத்தில் டென்ட்டா ஹேமாக்கா என்ற பேச்சே தப்பு. சுவரும் கதவும் உள்ள அறை வேண்டும்.

சரி, பொருளுக்கு வருவோம். முகாமுக்கான ஹேமாக் என்பது நீளமான ஒரு துணி, இரண்டு முனையிலும் சுருக்கிக் கட்டியது. அவ்வளவுதான். நம் வீட்டுத் தூளியில் குழந்தை சுருண்டு கிடப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பெரியவர்களும் இதில் அப்படித்தான் வாழைக்காய் மாதிரி வளைந்து கிடக்க வேண்டும் என்று தோன்றும். கடற்கரை விளம்பரப் படங்களிலும் அப்படித்தான் படுத்திருப்பார்கள். அப்படிப் படுத்தால் ஒரு மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். படுக்க வேண்டியது குறுக்காக: தலை நடுக்கோட்டுக்கு ஒரு பக்கம், கால் மறுபக்கம். அப்போது துணி முதுகுக்குக் கீழே விரிந்து கிட்டத்தட்ட மட்டமாகிவிடும். பக்கவாட்டில் திரும்பியும் படுக்கலாம். தென் அமெரிக்காவின் சில பகுதிகளிலும் மெக்சிகோவின் யூகடான் பகுதியிலும் கட்டிலே இல்லாமல் காலம் காலமாகப் பலர் இப்படித்தான் தூங்குகிறார்கள். குறுக்கே படுப்பது அங்கே குழந்தைக்கும் தெரியும்.

இந்தக் குறுக்குப் படுக்கைதான் எதை வாங்குவது என்பதைத் தீர்மானிக்கிறது. குறுக்கே படுக்க நீளம் வேண்டும். கடையில் சல்லிசாகக் கிடைக்கிற ஹேமாக்குகள் பெரும்பாலும் ஒன்பது, ஒன்பதரை அடி. ஐந்தரை அடிக்குள் உயரம் உள்ளவர்கள் அதில் சமாளித்துவிடலாம். அதற்கு மேல் வளர்ந்தவர்கள் அதில் குறுக்கே சாய்ந்தால் கெண்டைக்காலுக்கு நடுவே துணி விறைத்து ஒரு வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். கடையில் ஐந்து நிமிடம் படுத்துப் பார்க்கும்போது இது தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்குத் தெரியும். காலை எங்கே வைத்தாலும் அந்த வரப்பு உறுத்தும், தோளை இரண்டு பக்கமும் துணி நெரிக்கும். பதினோரு அடி நீளம், ஐந்தடி அகலம் என்பது வளர்ந்த ஆளுக்குச் சரியான அளவு. இரண்டடி துணி கூடுவதால் ஏறுகிற எடை நூறு கிராம்கூட இருக்காது. விற்பவர்கள் அகலத்தைக் காட்டித்தான் ஆசை காட்டுவார்கள். நீங்கள் நீளத்தைக் கேளுங்கள்.

அகலம் என்றதும் ஞாபகம் வருகிறது. அட்டையில் ‘டபுள்’ என்று போட்டிருப்பதைப் பார்த்துப் புதிதாகக் கல்யாணமானவர்கள் ஆசையாக வாங்கிப் போகிறார்கள். துணி அகலம் என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தமில்லை. இரண்டு பேர் படுத்தால் இருவரும் நடுக்குழிக்கு உருண்டு, விடிய விடிய ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில் இருக்கும். ஆளுக்கொன்று வாங்கிக்கொள்ளுங்கள், உறவு நீடிக்கும்.

அடுத்து, எப்படிக் கட்டுவது. புதிதாக வாங்கியவர்கள் எல்லோரும் செய்கிற ஒன்று, விறைப்பாக இழுத்துக் கட்டுவது. தொய்வாக இருந்தால் வளைந்து படுக்க வேண்டியிருக்கும், இழுத்துக் கட்டினால் மட்டமாக இருக்கும் என்று மனசு சொல்லும். நடப்பது நேரெதிர். விறைப்பான துணியில் குறுக்கே படுக்கவே முடியாது, இரண்டு ஓரமும் சுவர் மாதிரி எழும்பி நிற்கும், ஏறும்போதே கவிழ்த்துவிடும். ஹேமாக்கை மரத்தோடு கட்டுகிற துணிப்பட்டை மரத்திலிருந்து இறங்கும் கோணம் கிடைமட்டத்துக்குச் சுமார் 30 டிகிரி இருக்க வேண்டும்.

இது சொகுசுக்காக மட்டும் சொல்வதில்லை. 80 கிலோ ஆள் ஒருவர் 30 டிகிரியில் தொங்கினால் ஒவ்வொரு பக்கத்துப் பட்டையிலும் விழுகிற இழுவிசை அதே 80 கிலோ. கோணத்தை 10 டிகிரியாகக் குறைத்து இழுத்துக் கட்டுங்கள், அது 230 கிலோ ஆகிவிடும். 5 டிகிரி என்றால் 450 கிலோவைத் தாண்டும். ஆள் அதே ஆள்தான். பையின் மேல் 200 கிலோ தாங்கும் என்று அச்சடித்திருக்கிறதே என்று நம்பி இழுத்துக் கட்டுகிறவர், அந்த எண்ணைத் தாண்டி எவ்வளவோ தூரம் போய்விடுகிறார். பட்டை அறுவதும் கொக்கி நெளிவதும் பெரும்பாலும் இப்படித்தான். சாவிக்கொத்துக்கு மாட்டுகிற அலங்காரக் கொக்கியெல்லாம் இதற்கு ஆகாது. மலையேற்றத்துக்கான தரக்குறி பொறித்த கேரபைனர் வேண்டும்.

கோணத்தை ஒவ்வொரு தடவையும் அளந்துகொண்டிருக்க முடியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஹேமாக்கின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நேராக, தலைக்கு மேலே ஒரு மெல்லிய கயிறு கட்டிவிடுகிறார்கள். ரிட்ஜ்லைன் என்று பெயர். அதன் நீளம் ஹேமாக் நீளத்தில் 83 சதவீதம். பதினோரு அடிக்கு ஒன்பது அடிக்குக் கொஞ்சம் மேலே. இது இருந்தால் மரங்கள் கிட்டே இருந்தாலும் எட்ட இருந்தாலும் துணியின் தொய்வு மாறாது. நேற்று எப்படித் தூங்கினீர்களோ அப்படியே இன்றைக்கும் தூங்கலாம். கண்ணாடி, டார்ச் மாட்டவும் அதுவே கொடி. வாங்கும்போது இது கூடவே வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கயிறு வாங்கி நாமே கட்டிக்கொள்ளலாம், ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

மரத்துக்கு மரம் பன்னிரண்டிலிருந்து பதினைந்து அடி. பதினைந்தடி இடைவெளி என்றால் பட்டையை ஆறடி உயரத்தில் சுற்றினால் உட்காரும் இடம் நாற்காலி உயரத்துக்கு வரும். கால் பக்கத்தை ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள், இல்லையென்றால் தூக்கத்தில் கால்பக்கமாக நழுவிப் போவீர்கள். மரம் தொடைப் பருமனாவது இருக்க வேண்டும். சவுக்குத் தோப்பில் வரிசையாக நிற்கிற இளமரங்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், வில்லாக வளையும். தைல மரம் முன்னறிவிப்பு இல்லாமல் கிளையை உதிர்க்கிற ஜாதி. தென்னையின் அடிமரம் அருமையானது, மேலே என்ன தொங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். எந்த மரமானாலும் கட்டுவதற்கு முன்னால் அண்ணாந்து ஒரு நிமிடம் பட்ட கிளை இருக்கிறதா என்று பாருங்கள். செங்கல் தூணில் கட்டுவது அறவே கூடாது. மேலிருந்து அழுத்துகிற பாரத்தைத்தான் தூண் தாங்கும். பக்கவாட்டில் இழுத்தால் சாய்ந்துவிடும். அப்படி இறந்தவர்கள் உண்டு.

காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கிற சில்வர் ஓக் நேராக, உறுதியாக, ஹேமாக்குக்கென்றே நட்ட மாதிரி நிற்கும். ஆனால் அதில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். கொடியோடு சேர்த்துப் பட்டையைச் சுற்றி ஒரு ராத்திரி முழுக்க உங்கள் எடையைக் கொடுத்தால் தண்டு நசுங்கும், பட்டைக்கு மேலே உள்ளதெல்லாம் வாடும். தோட்டக்காரர் அடுத்த தடவை உங்களை உள்ளே விடமாட்டார், விடவும் கூடாது. கொடி ஏறாத மரமாகப் பாருங்கள். பட்டை குறைந்தது ஓர் அங்குல அகலம் இருக்கட்டும். கயிறு மரத்தின் தோலை அறுக்கும். நைலான் பட்டையும் வேண்டாம், நனைந்தால் நீளும். படுக்கும்போது ஒன்றரை அடி உயரத்தில் இருந்தவர் விடியும்போது தரையில் இருப்பார். பாலியஸ்டர் நீளாது. லாரியில் சரக்கு இறுக்கிக் கட்டுகிற பட்டைகள் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். கொஞ்சம் கனம், ஆனால் மலிவு.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே நாளில் பழகிவிடும். ஹேமாக்கை வாங்கி இரண்டாம் தடவைக்குப் பிறகு பரணில் போட்டவர்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். விழுந்தேன், நனைந்தேன் என்று சொல்பவர்கள் குறைவு. குளிர் என்பார்கள். கொடைக்கானல் குளிரைச் சொல்லவில்லை. ஏற்காட்டில் சாதாரண இரவில், நல்ல ஸ்லீப்பிங் பேகுக்குள் இருந்துகொண்டே நடுங்கியிருப்பார்கள்.

காரணம் ரொம்ப எளிது. போர்வையோ ஸ்லீப்பிங் பேகோ தானாகச் சூடு தருவதில்லை. அதன் பஞ்சுக்குள்ளே அசையாமல் நிற்கிற காற்றுதான் நம் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. படுத்தவுடன் முதுகுக்குக் கீழே உள்ள பஞ்சு நசுங்கிக் காகிதமாகிவிடும். டென்ட்டிலும் நசுங்கும், ஆனால் அங்கே கீழே மேட் இருக்கிறது, அதற்கும் கீழே காற்றுப் புகாத தரை இருக்கிறது. ஹேமாக்கில் முதுகுக்கும் மலைக்காற்றுக்கும் நடுவே இருப்பது சட்டைத் துணி கனத்தில் ஒரு நைலான். காற்று ராத்திரி முழுக்க அடியில் ஓடிச் சூட்டை அள்ளிக்கொண்டு போகும். வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே பலருக்கு இடுப்பும் பின்புறமும் சில்லிடத் தொடங்கும். மேலே இரண்டு கம்பளி போர்த்தினாலும் பயனில்லை, ஓட்டை கீழே அல்லவா இருக்கிறது.

இதற்கு இரண்டு வழி. முதலாவது, உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற ஃபோம் மேட்டையே உள்ளே விரிப்பது. செலவில்லை. ஆனால் மேட் ஒன்றே முக்கால் அடிதான் அகலம். ஹேமாக்கின் துணி தோளைச் சுற்றி மேலே ஏறுவதால் தோள்கள் இரண்டும் மேட்டுக்கு வெளியே குளிரில் நிற்கும். புரண்டு படுத்தால் மேட் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். இரண்டடுக்குத் துணி வைத்த ஹேமாக் என்றால் அடுக்குகளுக்கு நடுவே மேட்டைச் செருகிவிடலாம், நழுவாது. குளிர்ப் பிரதேசத்துக்கு எப்போதாவதுதான் போவீர்கள் என்றால் இதுவே போதும், இரண்டடுக்காகப் பார்த்து வாங்குங்கள். கார் கண்ணாடிக்கு வெயில் மறைக்க வைக்கிற வெள்ளித்தாள் மடிப்பைத் தோள் பக்கம் குறுக்கே போட்டுக்கொள்கிற ஆட்களும் இருக்கிறார்கள், வேலை செய்கிறது.

இரண்டாவது வழி அண்டர்குயில்ட். ஹேமாக்குக்கு வெளியே, அடிப்பக்கத்தில் தொங்கவிடுகிற பஞ்சுப் போர்வை. வெளியே தொங்குவதால் நம் எடை அதன் மேல் விழாது, பஞ்சு நசுங்காது. இதைப் போட்டுத் தூங்கியவர்கள் மேட்டுக்குத் திரும்புவதில்லை. ஆனால் பொருத்துவதில்தான் எல்லாம் இருக்கிறது. எலாஸ்டிக் கயிற்றால் இரண்டு முனையிலும் மாட்டியிருப்பார்கள். நீங்கள் உள்ளே படுத்துக்கொண்டு, கூட வந்தவரை வெளியிலிருந்து கையைப் போர்வைக்கும் ஹேமாக்குக்கும் நடுவே செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். முதுகு முழுக்கத் துணியும் பஞ்சும் கையின் இரு பக்கமும் மெதுவாகத் தொட வேண்டும். இடுப்புக்குக் கீழே அவர் உள்ளங்கை சும்மா ஆடினால் அந்த இடைவெளியில் ராத்திரி காற்று குடியிருக்கும். முனைக் கயிற்றைக் கொஞ்சம் சுருக்குங்கள். கை நுழையவே சிரமப்பட்டால் அதிகமாக இழுத்துவிட்டீர்கள், பஞ்சு நசுங்கும், தளர்த்துங்கள். இந்த ஐந்து நிமிடத்தை இருட்டுவதற்கு முன்னால் செலவிடுங்கள்.

முழுத் தொகுப்பில் விலை அதிகமான உருப்படியும் இதுதான். அதனால்தான் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுகிறார்கள். என்னைக் கேட்டால் காசை முதலில் இங்கே போடுங்கள், ஹேமாக் துணியில் மிச்சம் பிடியுங்கள். மேலே போர்த்துவதற்குப் புதிதாக எதுவும் வேண்டாம். இருக்கிற ஸ்லீப்பிங் பேகின் ஜிப்பைத் திறந்து, கால் பக்கத்தை மட்டும் மூடி, ரஜாய் மாதிரி போர்த்திக்கொள்ளலாம். ஆடுகிற துணிக்குள் உட்கார்ந்து ஸ்லீப்பிங் பேகுக்குள் நுழையும் சர்க்கஸ் ஒரு தடவைக்கு மேல் யாருக்கும் பிடிக்காது.

கொசுவலை ஹேமாக்கோடு தைத்து வருவதாக வாங்குங்கள், ஜிப் முழு நீளத்துக்கு இருக்கட்டும். இங்கேயும் அடிப்பக்கம்தான் ஏமாற்றும்: ஒற்றைத் துணி முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது கொசு அதன் வழியாகவே கடிக்கும். இரண்டடுக்கோ அண்டர்குயில்ட்டோ இருந்தால் அந்தத் தொல்லையும் தீர்ந்தது.

மழைக்கு மேலே கட்டுகிற டார்ப், ஹேமாக் தொங்கும் நீளத்தைவிட இரண்டு பக்கமும் அரை அடியாவது நீண்டிருக்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் போகிறவர்கள் இன்னும் தாராளமாக, முனைகளில் கதவு மாதிரி மடிப்பு உள்ளதாக எடுங்கள். உடை மாற்றவும் அது மறைப்பு. சிலிக்கான் பூசிய நைலான் நனைந்தால் தொய்யும், எழுந்து எழுந்து இழுத்துக் கட்ட வேண்டும். பாலியஸ்டரில் அந்தத் தொல்லை குறைவு. முதல் ஒன்றிரண்டு தடவைக்குக் கடைத்தெருவில் விற்கிற நீலத் தார்ப்பாயே போதும். கனம்தான், வேறு குறை இல்லை.

டார்ப் சரியாக இருந்தும் சிலர் நனைந்திருப்பார்கள். மரத்தில் வழிகிற தண்ணீர் பட்டையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, நேராக ஹேமாக்கின் முனைக்கு வந்து, துணி வழியே கால்மாட்டை நனைத்துவிடும். பட்டையில், டார்ப்பின் நிழலுக்குள், ஒரு பழைய ஷூ லேஸைக் கட்டித் தொங்கவிடுங்கள். பட்டையில் ஓடி வருகிற தண்ணீர் லேஸ் வழியே இறங்கித் தரையில் சொட்டும். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. செலவு பூஜ்ஜியம்.

எடை? வலையோடு ஹேமாக் 700 கிராம், பட்டைகள் 250, டார்ப் 500, அண்டர்குயில்ட் 600 என்று வைத்துக்கொண்டால் கூட்டிப் பாருங்கள், இரண்டு கிலோ. ஒன்றரைக் கிலோவில் நல்ல ஒற்றையாள் டென்ட்டும் அரைக் கிலோவில் மேட்டும் கிடைக்கிற காலத்தில் இதில் லாபம் ஒன்றுமில்லை. எடை குறையும் என்பதற்காக மாறுகிறவர்கள் கணக்கைச் சரியாகப் போடவில்லை. முதுகு வலிக்காத தூக்கம், மரம் உள்ள எங்கும் கிடைக்கிற படுக்கை, பகலில் உட்கார ஓர் ஊஞ்சல், இவற்றுக்காக மாறுங்கள்.

மற்ற வகைகளில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. முனையில் மரச்சட்டம் வைத்துத் தோட்டத்தில் தொங்கவிடும் ஹேமாக், அழகுக்கு. ராத்திரி புரண்டால் கொட்டிவிடும். மூன்று மரங்களுக்கு நடுவே விரித்துக் கட்டுகிற டென்ட்சைல் போன்ற மரக்கூடாரங்கள் குடும்பமாகப் போய் ஒரே இடத்தில் இரண்டு நாள் இருக்கிறவர்களுக்கு. தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. பிரிட்ஜ் ஹேமாக் என்று ஒன்று உண்டு: தலைமாட்டிலும் கால்மாட்டிலும் குறுக்குக் கம்பி வைத்துத் தொங்குபாலம் மாதிரி தைத்தது. குறுக்கே படுக்க வேண்டியதில்லை, நேராகவே மட்டமாகப் படுக்கலாம். மூட்டு வலி உள்ளவர்களுக்கு, ஒருக்களித்தே தூங்குகிறவர்களுக்கு இது ஒத்துவரும். கம்பியின் எடையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குப்புறப் படுத்தால்தான் தூக்கம் வரும் என்கிறவர்களுக்கு இவற்றில் எதையும் நான் சிபாரிசு செய்வதில்லை. அந்தக் காசுக்கு இன்னும் கொஞ்சம் தடிமனான மேட் வாங்கி டென்ட்டுக்குள் போட்டுக்கொள்ளட்டும்.